நாற்பத்தொன்றா, நாற்பத்தேழா?

ஒரு காரியத்துக்கு என்ன பெயர் என்று முடிவாகும்வரை அந்தக் காரியத்தில் விரலை வைக்காத மனிதர்கள் ஒரு தனி இனம். எல்லா ஊரிலும் உண்டு. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டினால் நீங்களும் நானும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அவர் அண்ணாந்து பார்த்து, இது ஒழுகலா கசிவா என்று யோசிப்பார். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் நாம் நெற்றியில் கையை வைப்போம். அவர், இது காய்ச்சலா, வெயிலில் ஆடியதால் வந்த சூடா, இரண்டுக்கும் வேறு வேறு மருந்தாயிற்றே என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அவரைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே வேர்த்து விறுவிறுத்துப் போகிறவரை அப்படிச் சொல்வது அநியாயம். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கிற பெயர் இனம்பிரிப்பான்.

இனம்பிரிப்பான் எங்கே நன்றாகக் கொழிக்கும் தெரியுமா? தண்ணீர்க் கம்பெனியில்.

அதிலும் சிபாலே மாதிரி ஊரில். கடல் தாண்டிய ஒரு தேசத்தில் செம்புச் சுரங்கத்துக்காக அவசர அவசரமாகக் கட்டி, சுரங்கம் இளைத்த பிறகும் ஜனங்கள் மட்டும் இளைக்காமல் பெருகிவிட்ட ஊர் அது. மண்ணுக்கடியில் கிடக்கும் குழாய்களுக்கு, மேலே நடக்கிற ஆட்களில் பாதிப் பேரைவிட வயது அதிகம். வாரத்துக்கு ஒன்றாவது எங்கேயாவது வெடிக்கும். வெடித்தவுடன் கம்பெனிக்கு ஓர் ஆள் தகவல் சொல்வார். தகவல் நேராக எவரிஸ்டோ கபாசோவின் மேஜைக்குப் போகும். போய், அங்கே உட்கார்ந்துகொள்ளும்.

கபாசோவைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அரைக்கைச் சட்டை, அதற்குமேல் டை என்கிற கழுத்துப்பட்டை, சட்டைப் பையில் சுருட்டிய அளவு டேப், கண்ணாடிக்கு மேலே சுருங்கிய புருவம். அவர் வேலை குழாய்களைப் பழுது பார்ப்பதல்ல. எந்தப் பழுது எந்தக் குறியீட்டில் சேரும் என்று சொல்வது. கேட்டால் ஒன்றுமே இல்லாத வேலை மாதிரி இருக்கிறதல்லவா? அப்படித்தான் அவருக்கு முன்னால் இருந்தவரும் நினைத்து, வயிற்றுப்புண் வந்து ஓய்வு வாங்கிக்கொண்டார்.

ஏனென்றால் விஷயம் இப்படி. உடைந்த குழாய்க்குப் பட்டை மாட்டி இறுக்கினாலோ, ஒரு துண்டை வெட்டிவிட்டு வேறு துண்டு வைத்தாலோ அது பழுதுபார்த்தல், குறியீடு நாற்பத்தொன்று. உள்ளூர் மானேஜர் கையெழுத்துப் போட்டால் போதும். ஒரு முழுக் குழாயின் நீளத்துக்கு மேல் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் அது மாற்றுதல், நாற்பத்தேழு. அதற்குத் தலைமை அலுவலகம் தலையசைக்க வேண்டும். பழைய குழாய் எந்தப் பொருளோ அந்தப் பொருளில் போடாமல் வேறு பொருளில் போட்டால் அது மேம்பாடு, நாற்பத்தொன்பது. அதற்குத் தலைமை அலுவலகத்தில் ஒரு கமிட்டியே கூட வேண்டும். சிபாலேயின் மண்ணுக்கடியில் இருப்பதோ ஆஸ்பெஸ்டாஸ் குழாய். அதை இப்போது செய்கிறவனும் இல்லை, விற்கிறவனும் இல்லை. ஒரு சாண் துண்டு மாற்றினாலும் பிளாஸ்டிக்தான் வைத்தாக வேண்டும். அப்படியானால் அந்த ஒரு சாணும் மேம்பாடா? கமிட்டி கூட வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கபாசோ வருஷக்கணக்காக மார்பில் சுமந்துகொண்டிருந்தார். அதில் அவருக்கு ஒரு சுகமும் இருந்தது.

வீட்டிலும் அதே ஆள்தான். சாப்பாட்டுத் தட்டில் ந்ஷிமா களிக்குப் பக்கத்தில் கப்பெண்டா கருவாடு வந்தால், வெள்ளிக்கிழமை விரதத்துக்கு இது மீனா, இவ்வளவு பொடியாக இருப்பதால் வெறும் தொடுகறியா என்று கேட்பார். துக்க வீட்டுக்குப் போனால், உறவுக்காரராக உள்ளே போய் அழுவதா, அக்கம்பக்கத்தவராக வெளியே நெருப்பைச் சுற்றி உட்காருவதா என்று வாசலிலேயே நிற்பார். ஒரு தடவை அந்த யோசனை முடிவதற்குள் பிணத்தை எடுத்துவிட்டார்கள். அவர் மனைவி ஃபெலிஸ்டஸ் சந்தையில் பழைய துணி மூட்டை பிரித்து விற்கிறவள். நூறு சட்டைகளைக் கண்மூடித் திறப்பதற்குள் நாலு குவியலாகப் பிரித்துவிடுவாள். நாற்காலிக் கால் ஆடியபோது கபாசோ, "இது பழுதா, இல்லே இதோட ஆயுசு முடிஞ்சுதா?" என்று கேட்டார். "உட்கார்ந்தா விழுவேன். எனக்கு அது போதும்," என்று சொல்லி அவளே ஆணி அடித்துவிட்டாள்.

இந்த மனிதர் வாழ்க்கையில்தான் கபுண்டி சாலைக் குழாய் வெடித்தது.

அது சின்னக் குழாய் அல்ல. ஒரு பேட்டைக்கே தண்ணீர் கொண்டுபோகிற மெயின் லைன். எடினா மும்பியின் சாப்பாட்டுக் கடைக்குப் பக்கவாட்டில் மண்ணைப் பிளந்துகொண்டு ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது. பிள்ளைகள் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடிவந்தார்கள். கம்பெனியின் ஃபோர்மேன் லாஸ்டன் ஜெரேயும் அவருடைய ஆட்களும் லாரியில் வந்து இறங்கி முதலில் வால்வை மூடினார்கள். வால்வு மூடுவதற்கு மட்டும் குறியீடு கிடையாது. ஆகையால் அது உடனே நடந்தது. பேட்டை முழுவதும் குழாய்கள் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கின. வால்வும் கிழடு. முழுசாக மூடாது. குழிக்குள் கொஞ்சம் தண்ணீர் சுரந்துகொண்டே இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கபாசோ வந்தார். குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.

ஜெரே ங்கோனிக்காரர், கபாசோ பெம்பா. அந்த நாட்டில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை. நம்மூர் மாமன் மச்சான் மாதிரி. ஒருத்தரை ஒருத்தர் என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாவு வீட்டில்கூடக் கேலி உண்டு. பெம்பாக்காரன் செத்தால் ங்கோனிக்காரன் குழி தோண்ட வந்து, பிணத்தோடேயே வம்பிழுப்பான். பெம்பாக்காரன் குரங்கு தின்பான், ங்கோனிக்காரன் எலி தின்பான் என்பது அதில் பழைய கேலி.

"என்ன மச்சான், உள்ளே குரங்கு ஏதாவது தெரியுதா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆச்சே," என்றார் ஜெரே.

"எலி தின்கிறவனுக்கு வளையைப் பார்த்தா சும்மா இருக்க முடியலே போலிருக்கு," என்றார் கபாசோ, தலை நிமிராமல். "விரிசல் எவ்வளவு நீளம் போகுது?"

"தோண்டினாத்தான் தெரியும்."

"நீளம் தெரிஞ்சாத்தான் எந்த நம்பர்ல தோண்டறதுன்னு சொல்ல முடியும்."

"தோண்டாம நீளம் எப்படித் தெரியும்?"

"நம்பர் இல்லாம எப்படித் தோண்டுவே?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற ஆட்கள் நிலைமையைச் சட்டென்று புரிந்துகொண்டார்கள். மாமரத்தடிக்குப் போய்ப் பலகையைப் போட்டு, பாட்டில் மூடிகளைக் காய்களாக அடுக்கி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

எடினா கடை வாசலில் வந்து நின்றாள். கையில் களி கிண்டுகிற துடுப்பு. அவள் நாக்கு அந்தச் சாலையில் பேர் பெற்றது.

"சார், இந்தக் குழிக்குக் கல்யாணம் பேசறீங்களா? இவ்வளவு நேரமா பொண்ணு பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டிருக்கீங்க."

"விசாரணை நடக்குதும்மா."

"குழாய் குத்தத்தை ஒத்துக்கலையோ?"

மரத்தடியில் சிரிப்பு. கபாசோ டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய்த் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

தலைமை அலுவலகத்தில் குறியீடுகளுக்கெல்லாம் மேலதிகாரி மேடம் சிமுகோண்டா. இனம்பிரிப்பான்களில் பெண்கள் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் குரலைக் கேட்டாலே கபாசோவின் முதுகு நிமிர்ந்துவிடும். அவர்கள் பேசுவதைப் பக்கத்து மேஜைக்காரர்கள் கேட்டால், இரண்டு பேர் சேர்ந்து ஒரு பாட்டைப் பழகுகிற மாதிரி இருக்கும்.

"விரிசல் குறுக்கேயா, நெடுகவா, மிஸ்டர் கபாசோ?"

"நெடுக, மேடம்."

"அப்ப அது உடைசல் இல்லே. பிளவு."

"நானும் பிளவுன்னுதான் எழுதியிருக்கேன்."

"நல்லது. பிளவு ஜாயின்ட்டைத் தாண்டுதா?"

"அந்த இடம் மண்ணுக்குள்ள இருக்கு, மேடம்."

"தாண்டினா ரெண்டு குழாய். ரெண்டு குழாய்னா நாற்பத்தேழு. தாண்டலேன்னா…"

"நாற்பத்தொண்ணு. ஆனா, பிளாஸ்டிக்."

"நாற்பத்தொன்பது," என்றார் மேடம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

"ஐம்பத்திமூணு, அவசரம்னு போடலாமா, மேடம்?"

"உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து இருக்கா?"

"இதுவரைக்கும் இல்லே."

"ஆபத்து வரட்டும். வந்தா உடனே கூப்பிடுங்க."

இந்த ஆலோசனை அன்றைக்கு முடியவில்லை. மறுநாளும் தொடர்ந்தது. பேட்டைக்காரர்கள் சர்ச் வளாகத்துப் போர்வெல்லுக்குப் போய் வரிசையில் நின்றார்கள். வரிசை சர்ச் மதிலைச் சுற்றி வந்து, பின்பக்கக் கேட்டைத் தொட்டது.

அந்தப் பேட்டையில்தான் கபாசோவின் வீடும் இருந்தது. அந்தச் சனிக்கிழமைதான் அவருடைய மூத்த மகள் லுக்கொண்டேயின் சமையலறை விருந்தும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்குச் சட்டி பானை சீர் கொண்டுவந்து, தட்டி முழக்கி, ஆடிப் பாடி, குடித்தனம் நடத்தும் வித்தையெல்லாம் சொல்லிக்கொடுக்கிற பெண்கள் விருந்து அது. ஆண்களை அன்றைக்கு வீட்டை விட்டே விரட்டிவிடுவார்கள். சொந்தக்காரப் பெண்கள் பஸ்ஸில் வந்து இறங்கத் தொடங்கிவிட்டார்கள். கோழிகள் கூடையில் வந்து காத்திருந்தன. வீட்டில் கை கழுவத் தண்ணீர் இல்லை.

"சனிக்கிழமைக்குள்ள தண்ணி வந்துருமா, லுக்கொண்டே அப்பா?" என்று கேட்டாள் ஃபெலிஸ்டஸ்.

"அது என்ன வேலைங்கிறதைப் பொறுத்திருக்கு."

"குழாய் உடைஞ்சிருக்கு. அதை ஒட்டற வேலை."

"ஒட்டறதுன்னு நீ சொல்றே. அதைத்தான் இன்னும் தீர்மானிக்கலே."

ஃபெலிஸ்டஸ் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சந்தையில் விலை போகாத சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"என் அக்கா தங்கச்சிங்க எல்லாரும் எங்கிட்ட ஒரே கேள்விதான் கேட்கிறாங்க. உன் புருஷன் தண்ணிக் கம்பெனியிலதானே இருக்கார்னு. ஆமான்னேன். என்ன வேலைன்னாங்க. எனக்குச் சொல்லத் தெரியலே."

"எத்தனை தடவை விளக்கியிருக்கேன்."

"விளக்கினீங்க. நாளைக்குக் காலையில தள்ளுவண்டியை எடுத்துக்கிட்டுப் போர்வெல்லுக்குப் போங்க. கேன் எல்லாம் பின்கட்டுல இருக்கு."

இதற்கு என்ன குறியீடு என்று கபாசோ கேட்கவில்லை. அந்த அளவுக்கு உலக ஞானம் அவருக்கு இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் மஞ்சள் கேன்களை அடுக்கிக்கொண்டு, கழுத்துப்பட்டையோடு அவர் வரிசையில் போய் நின்றார். பெண்கள் கூட்டத்தில் ஒரே கழுத்துப்பட்டை. அவருக்கு நாலு ஆள் முன்னால் எடினா. வழக்கமாக அந்த நேரத்தில் அவள் கடைப் பின்கட்டில் பெரிய அடுப்பை மூட்டி, சுரங்கத்துக்குப் போகிறவர்களுக்கு மாவு உருண்டை பொரித்துக்கொண்டிருப்பாள். இன்றைக்குத் தண்ணீர் இல்லாததால் இங்கே நின்றாள்.

"அடடே, சார். வரிசையில நிக்கறதுக்கு மேலிடத்துல அனுமதி வாங்கிட்டீங்களா?"

"வணக்கம்மா."

"இதுல கேன்காரங்க தனியா, பக்கெட்காரங்க தனியான்னு பிரிச்சு விடுங்களேன். கொஞ்சம் வேகமாப் போகட்டும்."

"அப்படிப் பிரிச்சா உண்மையிலேயே வேகமாப் போகும்," என்றார் கபாசோ. அவர் அதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்.

எடினா சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஜெரே சைக்கிளில் வேகமாக வந்து காலை ஊன்றி நின்றார். கேலி செய்கிற முகமில்லை.

"எடினா, உன் சமையல்கட்டு குழிக்குள்ள போயிடுச்சு."

எல்லாரும் ஓடினார்கள். மூடாத வால்விலிருந்து சுரந்த தண்ணீர் இத்தனை நேரமும் மண்ணுக்கடியில் சத்தமில்லாமல் குடைந்துகொண்டே போயிருக்கிறது. கடையின் பின்கட்டுச் சுவர், மேலே போட்டிருந்த தகரம், அடுப்பு, மாவு மூட்டை எல்லாம் சரிந்து சேற்றில் கிடந்தன. பெரிய பானை ஒன்று மட்டும் கரையில் கவிழ்ந்து கிடந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அங்கே இருக்க வேண்டியவள் வரிசையில் அல்லவா நின்றாள்.

எடினா கவிழ்ந்த பானைமேல் உட்கார்ந்தாள். குழியைப் பார்த்தாள்.

கபாசோவின் வாய் பழக்கத்தில் திறந்தது. சேதம் ஆவதற்கு முன்னால் சொல்லியிருந்தால் ஐம்பத்திமூன்று. ஆன பிறகு அது நஷ்ட ஈடு, அறுபத்தாறு, வேறு இலாகா. இதையெல்லாம் சொல்லத்தான் திறந்தது. சொல்லியிருந்தால் அவள் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள், ஜனங்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் எடினா மும்பி பேசாமல் உட்கார்ந்திருப்பதை அந்தச் சாலையில் யாரும் பார்த்ததில்லை. கபாசோ அந்த அடுப்பு கிடந்த இடத்தைப் பார்த்தார். தினமும் இந்நேரம் அவள் நிற்கிற இடம். இன்றைக்கு அவள் அங்கே நிற்காததற்குக் காரணம், தண்ணீர் வராதது. தண்ணீர் இல்லாததற்குக் காரணம் தாம். சுவர் விழுந்ததற்கும் காரணம் தாம். அவள் பிழைத்தது தற்செயல். இந்தக் கணக்கு அவருக்கு எந்தக் குறியீடும் இல்லாமலே புரிந்தது.

"தோண்டுங்க," என்றார்.

ஜெரே அசையவில்லை. "எந்த நம்பர்ல?"

"தோண்டுய்யா."

"மச்சான், போன மழைக்காலத்துல நம்பர் வாங்காம ஒரு ஒழுக்கை அடைச்சேன். எழுத்துல எச்சரிக்கை குடுத்தது யாரு? இன்னொரு தடவைன்னா வீட்டுக்குப் போகணும்னு அதுல போட்டிருந்தது. நல்ல கையெழுத்து. உங்க கையெழுத்து."

ஆட்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். யார் கையிலும் மண்வெட்டி இல்லை. கபாசோ சுற்றிலும் பார்த்தார். எவ்வளவு பொறுப்பான ஊழியர்களை அவர் உருவாக்கியிருக்கிறார், பாருங்கள். பெருமைப்பட வேண்டிய நேரம்.

அவர் கழுத்துப்பட்டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டார். லாரியில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டி ஒன்றை எடுத்தார். எப்படிப் பிடிப்பது என்று ஒரு கணம் தயங்கி, பாலிஷ் போட்ட ஷூவோடு குழிக்குள் இறங்கினார். முழங்கால் வரை சேறு. முதல் வெட்டில் மண் வரவில்லை. இரண்டாவதில் கொஞ்சம் வந்து அவர் சட்டைமேலேயே விழுந்தது. கரையில் நின்ற ஜனங்களுக்குச் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஜெரே கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு தம் ஆட்களைப் பார்த்தார்.

"பெம்பாக்காரன் ஒருத்தன் குழியில இறங்கிட்டா மண்வெட்டி எடுக்கறது எங்க முறை. அதுக்கு எந்தக் கம்பெனி நம்பரும் வேண்டாம். எங்க பாட்டன் பூட்டன் காலத்திலேருந்தே அனுமதி இருக்கு. வாங்கடா."

அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். எடினாவும் லேசாகச் சிரித்தாள்.

விரிசல் ஜாயின்ட்டைத் தாண்டித்தான் போயிருந்தது. இரண்டு குழாய்களை எடுத்தார்கள். ஒரு கோடியில் இன்னொரு கசிவு; அதற்குப் பட்டை மாட்டி இறுக்கினார்கள். நடுவில் பிளாஸ்டிக் குழாய் இறக்கினார்கள். சமையல்கட்டு இருந்த பக்கம் மண் சரியாமல் இருக்கக் கல் அடுக்கினார்கள். கபாசோ கல் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு கல்லையும் பெரிசா சிறிசா என்று பார்க்கத்தான் செய்தார். ஆனால் கையை நிறுத்தவில்லை. பொழுது சாயும்போது வால்வைத் திறந்தார்கள். பேட்டையில் ஒவ்வொரு வீடாகக் குழாய் இருமித் துப்பி, செம்மண் கலரில் கொட்டி, பிறகு தெளிந்தது. எங்கேயோ ஒரு வீட்டில் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். அது தம் வீடுதான் என்று கபாசோவுக்குத் தெரிந்தது.

ஃபெலிஸ்டஸ் அவர் கோலத்தை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு வாளி வெந்நீர் எடுத்து வைத்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவர் திருந்திவிட்டார் என்று நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். உங்களை ஏமாற்ற எனக்கு மனசில்லை.

சனிக்கிழமை வீட்டிலிருந்து விரட்டப்பட்ட கபாசோ நேராக ஆபீசுக்குத்தான் போனார். முடிந்துபோன வேலை ஒன்று பெயரில்லாமல் இருந்தது. அது அவரைத் தூங்கவிடவில்லை. பட்டை மாட்டியது நாற்பத்தொன்று. இரண்டு குழாய் மாற்றியது நாற்பத்தேழு. பிளாஸ்டிக் போட்டது நாற்பத்தொன்பது. அவசரமாகச் செய்தது ஐம்பத்திமூன்று. கல் அடுக்கியது குழாய் வேலையே அல்ல. நீளத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதினால் எல்லாம் நாற்பத்தொன்றில் அடங்கிவிடும். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். பொய் எழுத அவருக்குக் கை வரவில்லை. அந்த மனிதரிடம் மரியாதை வைக்க வேண்டிய இடம் இது. தூரத்தில் தம் வீட்டுப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் குறியீட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஒரே வரிதான். தொண்ணூற்றொன்பது: மற்றவை. தம் உத்தியோகக் காலத்தில் அவர் அதைத் தொட்டதில்லை. தொட்டவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமும் கிடையாது. குடித்துவிட்டு ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு ஒரு படி கீழே அவர்களை வைத்திருந்தார்.

எழுதினார். எழுதிவிட்டு மேடத்தை வீட்டு நம்பரில் கூப்பிட்டார்.

"எதுல போட்டீங்க, மிஸ்டர் கபாசோ?"

"தொண்ணூத்தொன்பது, மேடம்."

போனில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"மற்றவையா?" என்று கேட்டார் மேடம். வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற குரல்.

"ஆமா, மேடம்."

"நானே வர்றேன்."

அடுத்த வாரம் மேடம் சிமுகோண்டா வந்துவிட்டார். கபாசோ எதிர்பார்த்ததைவிடக் குட்டையாக இருந்தார். குரல் மட்டும் அதே உயரம். மூடி மேடாக்கிய மண்ணை வெகு நேரம் நின்று பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை. நடந்ததையெல்லாம் கபாசோ ஒன்றுவிடாமல் சொன்னார், தாம் நாள் கடத்தியதையும் சேர்த்து. மேடம் நடுவில் பேசவில்லை. "வரட்டும், வந்தா கூப்பிடுங்க" என்று தாமே சொன்னது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு பசிக்கிறது என்றார்.

எடினாவின் கடையில் உட்கார்ந்தார்கள். பின்கட்டுச் சுவரை ஞாயிற்றுக்கிழமையே ஜெரேயின் ஆட்களும் அக்கம்பக்கத்தாரும் எழுப்பிவிட்டிருந்தார்கள். மேலே போட்ட தகரம் கபாசோவின் கோழிக்கொட்டகையிலிருந்து வந்தது. ந்ஷிமாவும் வேர்க்கடலை அரைத்துவிட்ட பூசணிக்கீரையும் வந்தன. மேடம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது, குழாயிலிருந்து விழுகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தொண்ணூத்தொன்பது இருக்கட்டும்," என்றார். "ஆனா, மிஸ்டர் கபாசோ, பழக்கமாக்கிக்காதீங்க."

"சத்தியமா இல்லே, மேடம்."

எடினாவின் நஷ்ட ஈடு, அறுபத்தாறு, வேறு இலாகாவில் இருக்கிறது. விழுந்தது சமையலறையா, கடையின் நீட்சியா என்று அங்கே யாரோ ஒருவர் யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

மேடத்தை வண்டியேற்றிவிட்டுத் திரும்பிய கபாசோ கடைப் பின்கட்டில் நின்று புதுச் சுவரைத் தடவிப் பார்த்தார். அடியில் பழைய செங்கல், மேலே புதுச் செங்கல். புருவம் சுருங்கியது.

"ஏம்மா, இது பழுதுபார்த்த சுவரா, மாத்தின சுவரா?"

எடினா திரும்பிப் பார்க்காமலே துடுப்பைத் தூக்கினாள். கபாசோ அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நல்ல மனிதர்தான், பாவம். அவரைப் பார்த்துச் சிரித்தாயிற்று, தப்பில்லை. ஒன்று மட்டும் கேட்டுவிட்டு உங்களை விட்டுவிடுகிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயாவது, இது கதையா கட்டுரையா என்று உங்கள் மனசு ஒரு நிமிஷம் புருவத்தைச் சுருக்கியதா? இல்லையென்றால் மிகவும் சந்தோஷம். சுருக்கியிருந்தால், எழுந்து போய் வீட்டில் எந்தக் குழாயாவது சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் முதலில் அதை மூடுங்கள்.